நரம்பில் தேடிய நம்பிக்கை

நம்மிடம் ஓதிப் பின்னர் மருத்துவம் பயிலச் சென்ற மாணவர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது ஒரு நூலை நம்முன் வைத்தார். "ஹஜ்ரத், இதன் ஒன்பதாம் இயலைப் படித்தது முதல், தொழுகையில் நின்றால் 'இது நரம்பின் துடிப்புத்தானோ' என்ற எண்ணமே வருகிறது" என்றார். தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் சேர்ந்து 1998-இல் வெளியிட்ட 'ஃபேன்டம்ஸ் இன் தி பிரெய்ன்' என்பதே அந்நூல். மாணவரின் கலக்கம் மெய்யானது. ஆகவே அவ்வியலைப் பொறுமையுடன் படித்தோம்.

மூளையில் காதையொட்டிய பகுதியில் எழும் வலிப்புக்கு ஆளானோருள் சிலர், இறைவனின் அண்மை தமக்கு வெளிப்பட்டதாகக் கூறுவதுண்டு. உணர்ச்சி வேகம் உள்ளங்கையை வியர்க்கச் செய்யும். தோலின் மின்கடத்தும் தன்மை மாறும். ஆசிரியர் இதனைக் கருவிகொண்டு அளந்தார். நோயினால் உணர்ச்சி முழுவதுமே பெருகியிருப்பின், எல்லாச் சொற்களுக்கும் அளவு உயர்ந்திருக்க வேண்டும். உயர்ந்ததோ சமயச் சொற்களுக்கும் சின்னங்களுக்கும். காமச் சொற்களுக்குத் தாழ்ந்தது. நுட்பமான சோதனைதான். ஆயினும் சோதிக்கப்பட்டோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. இதனால் இறைவன் உண்டென்றோ இல்லையென்றோ முடிவாகாது என்பதை ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார். மாணவர் அவ்விடத்தை விரைந்து கடந்துவிட்டார் போலும்!

கனடா நாட்டு மைக்கேல் பெர்சிங்கர் இன்னும் துணிந்தவர். மெல்லிய காந்தப்புலம் பாய்ச்சும் தலைக்கவசத்தை அணிவித்து, அருகில் யாரோ இருப்பதான உணர்வை உண்டாக்கலாம் என்றார். சுவீடன் அறிஞர்கள், காந்தம் இயங்குகிறதா இல்லையா என்பதை அணிந்தவரும் சோதிப்பவரும் அறியாதவாறு செய்து பார்த்து, 2005-இல் முடிவை வெளியிட்டனர். காந்தத்தால் விளைந்தது ஒன்றுமில்லை. எளிதில் மனம் வசப்படுவோர்க்கே அவ்வுணர்வு தோன்றிற்று.

சோதனைகள் எல்லாம் வென்றதாகவே கொள்வோம். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று கணக்கிடும்போதும் மூளையில் ஓரிடம் இயங்கத்தான் செய்கிறது. அதனால் கணக்குப் பொய்யாகுமா? இறைவன் இல்லை என்பவரின் உறுதியும் மூளையில்தானே குடியிருக்கிறது!

நம்மவர் மீதும் நமக்கு வருத்தமுண்டு. அமெரிக்க அறிஞர் ஆண்ட்ரூ நியூபெர்க் எடுத்த மூளைப் படங்களைக் காட்டி, "விஞ்ஞானமே ஈமானை மெய்ப்பித்துவிட்டது" என்று முழங்குவோர் உளர். அவர் படமெடுத்தது தியானம் செய்த பௌத்தர்களையும், செபித்த பிரான்சிஸ்கன் கன்னியரையும். படமே சான்றாயின் அது எந்த மார்க்கத்திற்குச் சான்று? முழங்குவோர் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

1095-இல் பக்தாதில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நா பாடம் சொல்ல இயலாது அடைபட்டது. உள்ளத்தில் நேர்ந்தது உடலில் பரவிற்று என்றனர் மருத்துவர். தமது சரிதையில் இதனை எழுதிய இமாமவர்கள் மருத்துவரைப் பழிக்கவுமில்லை. தாம் தேடிய உண்மை நோயின் விளைவென்று கருதவுமில்லை.

மாணவர் விடவில்லை. "மருந்துண்டதும் அந்தப் பரவசம் நின்றுபோனவருக்கு என்ன மிஞ்சும், ஹஜ்ரத்?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். வலிப்பு கண்டவரை ஜின் பிடித்ததென்று மருத்துவரிடம் காட்டாது வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே இன்றும் உண்டல்லவா? பித்தனுக்குத் தொழுகை கடமையில்லை என்று வகுத்தனர் ஃபிக்ஹு நூலார். கடமையை அவர்கள் பரவசத்தின்மீது நிறுத்தவில்லை, தெளிந்த அறிவின்மீது நிறுத்தினர். மருந்து அந்தத் தெளிவைத் தருமாயின், அவர்மீது ஐவேளையும் கடமையாகிறது. இதையே சொன்னோம். மாணவர் நூலை எடுத்துக்கொண்டு, அஸருக்கு ஒளுச் செய்ய எழுந்தார்.