வெசாக் கூடும் ஆகாஷ் கந்திலும்

கொழும்பில் வைகாசிப் பௌர்ணமிக்கு வாசலில் தொங்கும் வெசாக் கூட்டையும், மும்பையில் தீபாவளிக்குப் பால்கனியில் தொங்கும் ஆகாஷ் கந்திலையும் எடுத்துத் தாளை உரித்துவிட்டு அருகருகே வைத்தால், எது எந்த ஊருடையது என்று சொல்வது கடினம். ஒரே நீளத்தில் சீவிய 24 மூங்கில் குச்சிகள், நான்கு நான்காகக் கட்டிய 6 சதுரங்கள், மூலையோடு மூலை சேர்த்த 12 முடிச்சுகள். வீடுகளில் பிள்ளைகள் முதலில் பழகும் மரபான வடிவம் இரண்டு இடத்திலும் இதுதான். சிங்களத்தில் இதை அட்டபட்டம என்பார்கள். மராத்தியர்கள் பாரம்பரியக் கந்தில் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

தாமரைக் கூடு, நட்சத்திரக் கூடு, மெழுகுதிரியின் சூட்டில் தானே சுற்றும் கூடு என்று வேறு வகைகள் நிறைய உண்டு. ஆனாலும் இந்த ஆறு சதுரக் கூட்டைப் பற்றி மட்டும்தான் எழுத நினைக்கிறேன். ஒரு வடிவம் இரண்டு நாட்டில், இரண்டு சமயத்தில், ஆண்டின் இரண்டு முனைகளில் ஏற்றப்படுகிறது. எங்கே ஒன்றுகிறது, எங்கே பிரிகிறது என்று பார்த்தால் நமக்கும் அதில் ஒரு பங்கு இருப்பது தெரிகிறது.

முதலில் கட்டுவதைச் சொல்லிவிடுகிறேன். முற்றிய மூங்கிலைப் பிளந்து, கணு வராத பகுதியை எடுத்து, பென்சில் பருமனுக்குக் குறைவாகச் சீவ வேண்டும். 24 குச்சியும் நீளத்தில் ஒத்திருந்தால் போதும். பருமனில் சிறு வித்தியாசம் இருந்தால் கூடு மன்னித்துவிடும், நீளத்தில் மன்னிக்காது. ஆறு சதுரங்களையும் தனித்தனியாகக் கட்டி முடித்த பிறகு, ஒன்றைக் கீழே தட்டையாக வைத்து, அதன் நான்கு மூலைகளிலும் நான்கு சதுரங்களை முனையில் நிற்கிறமாதிரிக் கட்டுகிறோம். பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களின் மூலைகளை ஒன்றோடொன்று முடிகிறோம். கடைசிச் சதுரத்தை மேலே மூடியாக வைத்து மிச்ச நான்கு மூலைகளையும் சேர்க்கிறோம். அந்தக் கடைசி முடிச்சுப் போட்டதும், நாம் கட்டாத எட்டு முக்கோணங்கள் சதுரங்களுக்கு நடுவே வந்து நிற்கின்றன. அவற்றுக்கென்று ஒரு குச்சிகூடச் செலவாகவில்லை. முதல்முறை கட்டும் பிள்ளை இந்த இடத்தில் கட்டாயம் ஒருமுறை கூட்டைத் திருப்பிப் பார்க்கும்.

கணிதத்தில் இது ஆர்க்கிமிடீஸின் பெயரால் அறியப்படும் 13 திண்மங்களுள் ஒன்று. முகங்கள் 14, விளிம்புகள் 24, உச்சிகள் 12. இதில் ஓர் அபூர்வமான குணம் இருக்கிறது. நடுமையத்திலிருந்து எந்த உச்சிக்கு அளந்தாலும் வரும் தூரம் ஒரு குச்சியின் நீளத்துக்குச் சரியாக இருக்கும். பன்னிரண்டு அங்குலக் குச்சியில் கட்டிய கூட்டின் நடுவில் மின்குமிழைத் தொங்கவிட்டால், பன்னிரண்டு மூலையும் அதிலிருந்து பன்னிரண்டு அங்குலத்தில் இருக்கும். கூட்டின் மூலைகளில் ஒன்று பிரகாசமாகவும் மற்றொன்று மங்கலாகவும் தெரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் இந்த வடிவத்தின் மேல் தீராத பிரியம் வைத்திருந்தார். மூட்டுகளைத் தளர விட்டால் அது முறுக்கிக்கொண்டு தனக்குள்ளேயே மடங்குவதைக் கூட்டங்களில் செய்து காட்டினார்.

அந்த முறுக்கல்தான் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துவது. நூலால் கட்டிய எலும்புக்கூடு கையில் எடுத்ததும் ஆடும், சரியும். முக்கோணம் தன் உருவத்தை விடாது, சதுரம் சாய்சதுரமாகிவிடும். சதுரத்துக்கு ஒன்றாக ஆறு மூலைவிட்டக் குச்சிகளை மேலதிகமாகக் கட்டினால் கூடு அசையாது. ஆனால் அப்படிக் கட்டினால் ஒவ்வொரு முகத்திலும் குறுக்கே ஒரு நிழல் விழும். இரு நாட்டுக் கைவினைஞர்களும் அந்த ஆறு குச்சியின் வேலையைத் தாளிடம் கொடுத்திருக்கிறார்கள். சதுரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு தாளை இழுத்து ஒட்டி, பசை காயும்வரை காத்திருந்தால், காய்ந்த தாள் இறுகி, சதுரத்தைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்கிறது. எட்டு முக்கோணத்தையும் ஒட்டாமல் விட்டாலும் கூடு நிற்கும். சதுரத்தில் கிழிந்தால் தளரும். வெளிச்சத்தை வடிகட்டுவதோடு, கூட்டை நிமிர்த்தி வைப்பதும் ஒரு டிசுத்தாள்தான் என்பது எனக்கு இன்னும் வியப்பு.

இதுவரை சொன்னது இரண்டு நாட்டுக்கும் பொது. தாள் ஒட்டத் தொடங்கும்போது வழி பிரிகிறது.

இலங்கையில் சதுரத்தின் நடுவே கத்தரித்த பூவேலை வரும். வெள்ளைத் தாளை நான்காக, எட்டாக மடித்து, மடிப்போரத்தில் சின்னச் சின்னதாக வெட்டி, விரித்தால் நாற்புறமும் ஒத்த ஒரு கோலம் கிடைக்கும். அதை நிறத்தாளின் மேல் ஒட்டுவார்கள். விளக்கு எரியாத பகலில் அது வெள்ளைப் பூவாகத் தெரியும். இரவில் வெள்ளை கறுத்து, வெட்டிய துளைகள் வழியாக நிறம் எழும். கீழ்ச் சதுரத்திலிருந்தும் பக்க மூலைகளிலிருந்தும் நீளமான தாள் வால்கள். சில வீடுகளில் கூடு முழுவதையும் வெள்ளையிலேயே செய்வார்கள். எனக்கு அதுவே மிகவும் பிடிக்கும். நிறம் இல்லாததால் வெட்டு வேலையின் தரம் ஒளிந்துகொள்ள இடமில்லை.

மகாராஷ்டிரத்தில் பட்டம் செய்யும் தாளே கந்திலுக்கும் தாள். முகங்களில் வெட்டுவேலை குறைவு. அலங்காரம் விளிம்புக்கும் மூலைக்கும் போகிறது. விளிம்புகளில் பொன்தாள் பட்டை. மூலைகளில் தாளை அரைவட்டமாக மடித்துச் செய்த கரஞ்சிகள். கரஞ்சி என்பது நம் சோமாசி. தீபாவளிப் பலகாரத்தின் உருவத்தைத் தாளில் செய்து விளக்கில் ஒட்டிவைக்கும் அந்த யோசனை அடுப்படியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றே படுகிறது. கீழே ஜிர்மில்யா என்னும் மெல்லிய தாள் இழைகள், காற்றில் சலசலக்க.

நிறம் தீட்டுகிறவர்களுக்கு இந்த வடிவம் ஒரு விருந்து. ஒவ்வொரு குச்சியின் ஒரு பக்கம் சதுரம், மறுபக்கம் முக்கோணம். ஆகையால் சதுரத்துக்கு ஒரு நிறமும் முக்கோணத்துக்கு ஒரு நிறமுமாக இரண்டே தாள் இருந்தாலும், எந்த விளிம்பிலும் ஒரே நிறம் அடுத்தடுத்து வராது. மூன்று சதுர நிறம், இரண்டு முக்கோண நிறம் என்றால் இன்னும் அழகு. எதிரெதிர்ச் சதுரங்களுக்கு ஒரே நிறம் கொடுத்தால் மூன்று நிறம் தீர்கிறது. எட்டு முக்கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு நிறத்தில் ஒட்டினால், ஒரு மூலையில் சந்திக்கும் நான்கு முகங்களும் நான்கு நிறமாக நிற்கும். 1885இல் கொழும்பில் வடிவமைக்கப்பட்ட பௌத்தக் கொடியின் நிறங்கள் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள். எண்ணிக்கை ஐந்து, கூட்டுக்கு அளவெடுத்தாற்போல. தாளில் ஒரு கூட்டை வரைந்து பிள்ளைகளிடம் கொடுத்து, ஒரு மூலையில்கூட நிறம் திரும்ப வராமல் தீட்டச் சொல்லிப் பாருங்கள். சதுரங்களை முதலில் தீட்டுகிற பிள்ளை சீக்கிரம் முடிக்கும்.

அதே 1885இல்தான் வெசாக் பௌர்ணமி இலங்கையில் பொது விடுமுறையானது. ஏப்ரல் 28ஆம் திகதி, கொட்டாஞ்சேனைத் தீபதுத்தமாராமயவில் அந்தக் கொடியை ஏற்றினார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் தங்கள் சமயம் வீதியில் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று பௌத்தர்கள் போராடிப் பெற்ற நாள் அது. வெசாக் இன்றும் வீதிக்கு வந்து கொண்டாடும் பண்டிகை. தன்சல் என்னும் இலவச உணவுப் பந்தியில் சோறு உண்டு, பந்தல் பார்த்து, கங்காராமயவுக்குப் பக்கத்தில் பேரே வாவியோரமும் பௌத்தாலோக மாவத்தையிலும் கூடு பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். கூட்டுப் போட்டிகள் ஊர்தோறும் நடக்கும். செய்கிறவருக்குத் தன் கூட்டை முன்பின் தெரியாதவர்கள் நின்று பார்ப்பார்கள் என்பது தெரியும். வெட்டுவேலை அவ்வளவு நுணுக்கமாக வளர்ந்தது அதனால்தான் என்பது என் எண்ணம்.

ஆகாஷ் கந்தில் வீட்டோடு இருப்பது. இலக்குமி வரும் வழிக்கு வெளிச்சம் என்று வாசலில் கட்டுவார்கள். மும்பை கிர்காவ் பக்கத்துப் பழைய சால் குடியிருப்புகளில் இளைஞர்கள் கூடிப் பெரிய கந்தில் ஒன்றைச் செய்து நடுமுற்றத்தில் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. கோவாவில் போட்டிகள் நடக்கின்றன. ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் இப்போது கடையில் வாங்குகின்றன. மாஹிமில் கந்தில் கல்லி என்றே ஒரு சந்து இருக்கிறது. பண்டிகைக்கு முந்திய வாரங்களில் அங்கே தலைக்குமேல் வானம் தெரியாது. மூங்கிலும் தாளும் விற்கும் இடத்திலேயே பிளாஸ்டிக்கும் துணியும் அட்டையில் வெட்டிய மடக்குக் கந்திலும் விற்கின்றன.

பொருள் மாறியதில் வானிலைக்கும் பங்கு உண்டு. தீபாவளி வரும்போது மகாராஷ்டிரத்தில் மழைக்காலம் விடைபெற்றிருக்கும். கந்தில் பல நாள் தொங்கலாம். கழற்றி அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம். எடுத்து வைக்கலாம் என்றால் உறுதியான பொருளைத் தேடத்தானே தோன்றும். இலங்கையின் தென்மேற்கில் மே மாதம் மழை மாதம். ஒரு சாயங்கால மழையில் டிசு கரைந்து சாயம் வடியும். அதற்காகக் கூட்டுக்குப் பொலித்தீன் உறை போடும் பழக்கம் வந்தது, பிறகு பொலித்தீனிலேயே கூடு செய்யும் பழக்கம் வந்தது. 2017 செப்டெம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பொலித்தீன் தடை விதிகளில், சமய, கலாசார நிகழ்வுகளின் அலங்காரத்துக்குப் பொலித்தீன் பயன்படுத்துவதும் அடங்கியது. வீதியோரக் கடைகளில் எலும்புக்கூட்டை மட்டும் கட்டி, தாள் ஒட்டாமல் விற்பதையும் பார்க்கலாம். வாங்கிப்போய்த் தாளை வீட்டில் ஒட்டிக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் என்னைக் கேட்டால், வெட்டிய பூவைக் கடையில் வாங்கிவிட்டு எலும்பை வீட்டில் கட்டுவதே மேல். கேத்திரகணிதம் முழுவதும் அந்தப் பன்னிரண்டு முடிச்சில் இருக்கிறது.

இனி எங்கள் பக்கம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் போருக்குப் பிறகு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் வெசாக் கூட்டை முதன்முதலில் கண்டது இராணுவ முகாம் வாசலில். அதனால் அந்த வடிவத்தைப் பார்த்ததும் சிலருக்கு மனம் சுருங்குவது இயல்பு. அவர்களிடம் போய் இது வெறும் விளக்கு என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அதே 24 குச்சியைப் புணேயில் ஓர் இந்துக் குடும்பம் தீபாவளிக்குக் கட்டுகிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவேண்டும். வடிவம் எந்த முகாமுக்கும் எந்த விகாரைக்கும் சொந்தமாக எழுதிக்கொடுக்கப்படவில்லை.

செய்கை புதிதும் அல்ல. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பாருங்கள். மூங்கிலைச் சீவி எடை பார்க்கும் கை, டிசுவைச் சுருக்கம் விழாமல் இழுத்து ஒட்டும் கை, முடிச்சு நழுவாமல் நூல் சுற்றும் கை எல்லாம் அங்கே தலைமுறையாக இருக்கின்றன. எட்டுமூலைப் பட்டம் கட்டத் தெரிந்த பையனுக்கு இந்தக் கூடு ஒரு பின்னேர வேலை. பாடசாலையில் திண்மங்களின் முகம், விளிம்பு, உச்சி படிக்கும் வகுப்புக்கு இதைவிட நல்ல உபகரணம் நான் கண்டதில்லை. 14உம் 12உம் கூட்டினால் 26, விளிம்பு 24, எப்போதும் இரண்டு கூடுதல் என்ற ஒயிலரின் விதியைக் கரும்பலகையில் எழுதுமுன் விரலால் எண்ணிப் பார்த்துவிடலாம்.

எந்த நாளுக்கு ஏற்றுவது என்று கேட்பீர்கள். தீபாவளியும் கார்த்திகை விளக்கீடும் வடக்கில் மாரிமழையோடு வருபவை. தாள்கூடு ஓர் இரவு தாங்காது. தை பிறந்தால் வானம் வெளுக்கும், காற்றும் பட்டத்துக்கு ஏற்ற காற்றாக இருக்கும், வீடுகளில் மூங்கிலும் டிசுவும் பசையும் ஏற்கெனவே கிடக்கும். பட்டத்துக்குச் சீவும்போது எட்டு அங்குல நீளத்தில் 24 துண்டுகளைச் சேர்த்துச் சீவி வைத்துக்கொண்டால், பொங்கல் இரவுக்கு ஒரு கூடு தயார். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை போதும். மெழுகுதிரி வேண்டாம், சிறிய மின்குமிழோடு மேற்பக்க முக்கோணங்களைத் திறந்தபடி விடுங்கள், சூடு தங்காது.