வீடென்னும் பைத்து

அரபு மொழியில் ‘பைத்’ என்னும் சொல்லுக்கு வீடு என்பது ஒரு பொருள்; செய்யுளடி என்பது மற்றொரு பொருள். மௌலிது மஜ்லிஸ்களில் ‘பைத்து ஓதுதல்’ என்று நாம் வழங்குவது இரண்டாவது பொருளைக் கொண்டேயாம். அந்தப் பைத்தின் சரிபாதிக்கு ‘மிஸ்ராஃ’ என்று பெயர். இரட்டைக் கதவின் ஒரு பலகைக்கும் அதே பெயர்தான். எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்து அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தளித்த கலீல் இப்னு அஹ்மத் அவர்கள், சீரின் உறுப்புகளுக்கு ‘ஸபப்’ என்றும் ‘வதத்’ என்றும் பெயரிட்டார்கள். ஸபப் என்பது கயிறு. வதத் என்பது முளை. இரண்டும் கூடாரத்தின் உறுப்புகள். ஆக, செய்யுளை வீடாகக் கண்டவர்கள் அரபு மக்கள். அவ்வாறாயின், வீட்டைச் செய்யுளாகக் கொண்டு திறனாய்வு செய்வதில் தவறில்லை அன்றோ! இக்கட்டுரையில் நாம் செய்ய முற்படுவது அதுவே.

இதற்குத் தூண்டுதலாய் அமைந்தது ஒரு விருந்து. சம்பா அறுவடை முடிந்த தை மாதத்தில், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், கூத்தாநல்லூருக்கு அண்மையிலுள்ள தம் ஊரில் கட்டிய புதுமனைக்கு நம்மை அழைத்திருந்தார். வளைகுடா நாட்டில் இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளில் எழுப்பிய இல்லம். வாயிலில் இரண்டு தேக்குத் தூண்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடிப் பெற்றவையாம். கூடத்தின் நடுவே, பழைய பத்தாயமொன்றின் பலகைகளை இழைத்து மெருகிட்டுச் செய்த மேசை. ஒரு சுவரில் பூ வேலைப்பாடு மிக்க தஞ்சாவூர்க் கலைத் தட்டு. எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு எஃகுத் தகட்டில் வெட்டி, பின்புறம் விளக்கு ஒளிரும்படி அமைத்த பிஸ்மில்லாஹ். “இவற்றில் எதுவும் இந்த வட்டாரத்தில் வேறு எந்த வீட்டிலும் கிடையாது, ஹஜ்ரத்” என்று அவர் மகிழ்ச்சியுடன் சொன்னார்.

நாமும் மகிழ்ந்தோம். உழைத்தவர் தம் வீட்டை அழகுபடுத்துவதை முகம் சுளித்து நோக்குவது மார்க்கமன்று. இறைவன் அழகன், அழகை விரும்புகிறான் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. அவன் தன் அடியார்களுக்கென வெளிப்படுத்திய அழகைத் தடை செய்தவர் யார் என்று திருமறையே வினவுகிறது. ஆதலால் அலங்காரம் கூடுமா என்பது நம் வினா அன்று. எது அலங்காரம் என்பதே நம் வினா.

ஒரு புள்ளியின் பிழை

உணவுக்கு முன் அந்த எஃகுத் தகட்டைப் படித்தோம். அரபு எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க நம்மால் இயலாது, நாற்பதாண்டுப் பழக்கம். படித்த நாம் திடுக்குற்றோம். எழுத்துகளுக்கிடையே வெற்றிடத்தை நிரப்ப, வடிவமைத்தவர் அழகுக்காகச் சில புள்ளிகளைத் தூவியிருந்தார். அவற்றுள் ஒன்று ‘ரஹீம்’ என்னும் சொல்லில் ஹா என்ற எழுத்தின் அடியில் விழுந்திருந்தது. ஹாவின் அடியில் ஒரு புள்ளி வைத்தால் அது ஜீம் ஆகிவிடும். ‘ரஹீம்’ என்றால் நிகரற்ற அன்புடையோன். ‘ரஜீம்’ என்றாலோ விரட்டப்பட்டவன். ஷைத்தானுக்கு உரிய அடைமொழி அது!

மாணவரைத் தனியே அழைத்து மெல்லச் சொன்னோம். அவர் சற்றே திகைத்து, பிறகு புன்னகையுடன், “ஹஜ்ரத், அதைப் படிப்பதற்காகவா மாட்டினோம்? அழகுக்குத்தானே!” என்றார்.

அவர் தொழுகையாளி, ஈகையாளர். இகழ்ச்சியாகச் சொன்ன சொல் அன்று அது. ஆயினும் அன்றிரவு ஊர் திரும்பும் வழியெல்லாம் அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. படிப்பதற்காக அல்லாத எழுத்து! நெல் இல்லாத பத்தாயம்! எதையும் தாங்காத தூண்! இம்மூன்றும் ஒரே பிழையின் மூன்று வடிவங்கள் என்று நமக்குத் தோன்றிற்று.

அணி எங்கே இருக்கிறது?

ஹிஜ்ரி 471-இல், அதாவது 1078-ஆம் ஆண்டளவில் மறைந்த பேரறிஞர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி அவர்கள் ‘தலாயிலுல் இஃஜாஸ்’ என்னும் நூலில் ஒரு கருத்தை நிலைநாட்டுகிறார்கள். தனிச் சொல்லுக்கென்று உயர்வு தாழ்வு கிடையாது. ஓரிடத்தில் உள்ளத்தைக் கவரும் அதே சொல் வேறோரிடத்தில் உறுத்தக்கூடும். சிறப்பெல்லாம் ‘நள்ம்’ எனப்படும் தொடுப்பில்தான், பொருளுக்கேற்பச் சொற்கள் ஒன்றோடொன்று உறவு கொள்ளும் முறையில்தான் இருக்கிறது என்பது அக்கருத்தின் சாரம். நம் தமிழிலும் தண்டியலங்காரம் பொருளணிகளை வரிசைப்படுத்தும்போது, உள்ளதை உள்ளவாறு உரைக்கும் தன்மையணியையே முதலில் வைக்கிறது. உவமையும் உருவகமும் அதற்குப் பின்னரே வருகின்றன.

இவ்விரண்டு அளவுகோல்களையும் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ‘எங்கும் கிடைக்காத பொருள்’ என்பது அரிய சொல் போன்றது. அகராதியிலிருந்து அரிய சொற்களைப் பொறுக்கி அடுக்கினால் அது பைத்து ஆகிவிடாது. அதுபோல, அரிய பொருள்களை வாங்கி அடுக்குவதால் ஒரு வீட்டுக்குத் தனிப் பாணி வந்துவிடுவதில்லை. அவ்வீட்டில் வாழ்வோரின் வாழ்க்கையோடு அப்பொருள்கள் கொள்ளும் உறவே பாணி.

பழமையெல்லாம் எளிமை என்று புனைந்துரைக்கவும் நாம் விரும்பவில்லை. வெண்ணாற்றங்கரையிலுள்ள கூத்தாநல்லூரை மக்கள் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று அழைத்தது வீணுக்கன்று. பர்மாவிலும் மலேயாவிலும் வணிகம் செய்த முன்னோர்கள் பர்மாத் தேக்கையும் பெல்ஜியக் கண்ணாடியையும் கொண்டுவந்து வீடுகளை நிரப்பினார்கள். பெருமைக்காகவும் நிரப்பினார்கள், இதை மறைப்பானேன்? 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து கால்நடையாய்த் திரும்பியவர்களுக்கும், 1960-களில் அந்நாட்டில் வணிகமெல்லாம் அரசுடைமையானபின் வெறுங்கையுடன் வந்தவர்களுக்கும் எஞ்சி நின்றவை ஊரிலிருந்த அந்த வீடுகளே. அக்கண்ணாடியும் கடல் கடந்து வந்த அணிதான்; ஆனால் அதைக் கொண்டுவந்தவரின் வாழ்க்கை அதில் எழுதியிருந்தது. நம் மாணவரின் வாயில் தூண்கள் யார் வீட்டைத் தாங்கின, அவ்வீடு ஏன் வீழ்ந்தது என்பது அவருக்குத் தெரியாது. விற்றவருக்கும் தெரியாது.

பழைய வீட்டின் உறுப்புகளுக்கு இந்த அறியாமை இல்லை. திண்ணை வழிப்போக்கருக்கு உரியது; அதன் வழவழப்பு வந்து அமர்ந்தோரின் கணக்கு. முற்றம் வெளிச்சத்தையும் மழையையும் வீட்டுக்குள் அழைத்தது. ரெஹல் பலகையின் மடிப்பு தேய்ந்திருந்தால் அது ஓதப்பட்ட வீடு. இவை அணிகள் என்று யாரும் அன்று சொல்லவில்லை. தன்மையே அணியாய் இருந்தது.

நாம் விற்ற பத்தாயம்

பிறரைத் திறனாய்வு செய்யப் புகுந்த நாம் நம்மை விட்டுவிடுதல் முறையாகாது. அந்த விருந்தன்று நாம் செய்த ஒரு செயலை இங்கே ஒப்புக்கொள்கிறோம். எவரும் பாராத நேரத்தில், அந்தப் பத்தாய மேசையின் அடியில் குனிந்து நோக்கினோம். மாணவர் பார்த்துவிட்டார். “என்ன தேடுகிறீர்கள், ஹஜ்ரத்?” என்றார். “ஒன்றுமில்லை” என்றோம்.

தேடியது எழுத்தை. எங்கள் வீட்டிலும் பத்தாயம் ஒன்று இருந்தது. மேல்வாயில் நெல்லைக் கொட்டி, அடியிலுள்ள சிறு கதவைத் தூக்கி வேண்டுமளவு எடுத்துக்கொள்ளும் மரக் களஞ்சியம். ஆண்டு முழுவதும் குடும்பம் உண்ணும் நெல் அதில் இருந்தது. அதன் மூடியின் உட்புறத்தில் அத்தா, தச்சர் பென்சிலால், அரபுத் தமிழில் ஆண்டுதோறும் ஒரு வரி எழுதி வந்தார்கள். இந்த ஆண்டு விளைச்சல் இத்தனைக் கலம். அதில் உஷ்ராக ஏழைகளுக்கு அளந்தது இத்தனைக் கலம், இத்தனை மரக்கால். பெற்றவர் பெயர் இராது. ஒரே ஓர் எழுத்து இருக்கும். கொடுத்ததை வெளியே காட்டலாகாது, கணக்கோ தவறலாகாது. அதனால்தான் மூடியின் உட்புறம்!

1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. நாளடைவில் கொள்முதல் நிலையங்கள் ஊர்தோறும் பெருகின. நெல் களத்திலிருந்தே மூட்டையாய் வெளியேறிற்று. அரிசி கடையிலிருந்து பையில் வந்தது. பத்தாயங்கள் வெறுமையாயின. எங்களுடையதும் அப்படியே. அத்தா மறைந்த சில ஆண்டுகளில், 1998-இல், வீட்டைச் சீர்திருத்த இடம் வேண்டுமென்று பழம்பொருள் வணிகர் ஒருவருக்கு அதை ஏழாயிரம் ரூபாய்க்கு விற்றோம். மூடியிலிருந்த வரிகளைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணியிருந்தோம். நாளை செய்யலாம் என்று விட்டிருந்தோம். நாம் மதரஸாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த முற்பகலில் வண்டி வந்து ஏற்றிச் சென்றுவிட்டது. பாடத்தில் அன்று நாம் விளக்கிக்கொண்டிருந்தது, எழுதி வைப்பதன் சிறப்பு!

மாணவர் வீட்டு மேசை எங்களுடைய பத்தாயம் அன்று, மரமே வேறு. ஆயினும் அதன் அடிப்புறமும் நன்கு இழைக்கப்பட்டு, மெருகேறிப் பளபளத்தது. அங்கே எவருடைய எழுத்தேனும் இருந்திருந்தால் அது மரத்தூளோடு போயிற்று. படிப்பதற்காக அல்லாத எழுத்தை அவர் மாட்டினார். படிக்க வேண்டிய எழுத்தை நாம் விற்றோம். இருவரில் யார் பிழை பெரிது?

திரைச்சீலை தலையணையான வரலாறு

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் நெய்த சீலையொன்றைத் திரையாகத் தொங்கவிட்டதையும், பயணத்திலிருந்து திரும்பிய நாயகம் (ஸல்) அவர்கள் அதை விரும்பாததையும், பிறகு அச்சீலை வெட்டப்பட்டுத் தலையணையானதையும் ஹதீஸ் நூல்களில் ஓதுகிறோம். உருவங்கள் குறித்த சட்டத்தை ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அதற்குள் இங்கே நாம் புகவில்லை. நம் கருத்தைக் கவர்வது ஒன்றே. சீலை எரிக்கப்படவில்லை, எறியப்படவும் இல்லை. தொங்கிய இடத்திலிருந்து இறங்கி, சாய்ந்துகொள்ளும் பொருளாயிற்று. பொருள் அதேதான், தொடுப்பு மாறிற்று. ஜுர்ஜானி அவர்கள் சொல்லுக்குச் சொன்ன இலக்கணம் அந்தச் சிறு வீட்டில் முன்பே நிகழ்ந்திருக்கிறது.

அவ்வீடுகளைப் பற்றிய இன்னொரு செய்தியும் உண்டு. பச்சைச் செங்கல்லும் பேரீச்ச மட்டையுமாய் அமைந்திருந்த நபிகளாரின் துணைவியர் இல்லங்கள், கலீஃபா வலீத் காலத்தில் பள்ளிவாசலை விரிவாக்குவதற்காக இடிக்கப்பட்டன. அவற்றை அப்படியே விட்டிருந்தால், எவ்வளவைக் கொண்டு அண்ணலார் நிறைவு கண்டார்கள் என்பதைப் பின்வருவோர் பார்த்துணர்வார்களே என்று மதீனாவின் பேரறிஞர் ஸஈத் இப்னுல் முஸய்யப் அவர்கள் வருந்தியதாக இப்னு ஸஅத் குறித்துள்ளார்கள். இடித்தவர்கள் பள்ளிவாசலுக்காக இடித்தார்கள். அதற்கே அந்த வருத்தம் என்றால், வாகனம் நிறுத்த இடம் வேண்டித் திண்ணையை இடிக்கும் நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தஞ்சை உழவர் வீடு ஒன்றையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நற்பணிதான். ஆயினும் நம் பிள்ளைகள் நம் வீட்டைக் கட்டணம் செலுத்திப் பார்க்கும் நிலை வேண்டியதில்லை.

செய்யத்தக்கவை

பழைய வீட்டில் மாற்றம் செய்வோர், ஒன்றைக் கழற்றும் முன் அதைப் படியுங்கள். நிலையின் மேல், மூடியின் உள்ளே, கிதாபு அலமாரியின் பின்னே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இன்னும் ஊருக்கு ஓரிருவர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பாருங்கள். புதுவீடு கட்டுவோர், எங்கும் கிடைக்காத பொருளைத் தேடுவதற்கு மாறாக, அருகே கிடைப்பதைச் செய்யச் சொல்லி வாங்குங்கள். கொள்ளிடத்தை அடுத்த தைக்காலில் பிரம்பு முடைகிறார்கள். பத்தமடையில் நம் சமுதாயத்தவர் கோரையில் பட்டுப்போல் பாய் நெய்கிறார்கள். செய்தவர் முகம் தெரிந்த பொருள் வீட்டில் இருப்பதே ஒரு பாணி. திருவசனம் மாட்ட விரும்புவோர், அச்சாகும் முன்னும் வெட்டும் முன்னும் ஓதத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மாட்டியபின் நாள்தோறும் நீங்களே படியுங்கள்.

இரு மாதங்களுக்குப் பின் அம்மாணவர் வழியில் நம்மைக் கண்டு, வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தகட்டை இறக்கி, பட்டறையில் கொடுத்து, அந்த ஒரு புள்ளியை அராவி எடுத்திருந்தார். “சின்னவள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், ஹஜ்ரத். அவள் தப்பாகப் படித்துவிடக் கூடாதே” என்றார். புள்ளி இருந்த இடத்தில் மெருகு போய், சிறு தழும்பு தெரிந்தது. விலை கொடுத்து வாங்க முடியாத, வேறெந்த வீட்டிலும் இல்லாத பொருள் அவ்வீட்டில் அது ஒன்றுதான்.

இரு மிஸ்ராஃகள் பொருந்தினால்தான் பைத்து நிறைவுறும். இரு பலகைகள் பொருந்தினால்தான் கதவு மூடும். அழகு ஒரு பலகை. பொருள் மறு பலகை. இரண்டும் பொருந்திய இல்லங்களை நம் அனைவருக்கும் இறைவன் அருள்வானாக!