ஓடாத வேலைக்கு எச்சரிக்கை வராது

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம், செக்ரோல் என்னும் வருகை-சம்பளப் பதிவேடு கணினிக்கு ஏறிவிட்ட ஒரு தோட்டத்து ஆபீசை எடுத்துக்கொள்வோம். பகலில் பதிந்த பேரும் (ஒரு நாள் வேலைக்கான வரவு) கொழுந்து நிறையும் இரவில் தானாக ஓடும் ஒரு வேலையில் கூட்டப்படும். அதன் பின்னால் பேக்கப் ஓடும். சம்பளமும், சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிக்கும் 8 வீதமும் தோட்டம் போடும் 12 வீதமும் இந்தக் கூட்டலை நம்பித்தான். கண்காணிப்பு என்று பெரும்பாலும் இருப்பது ஒன்றே: வேலை தோற்றால் மெயில் வரும்.

அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. டிஸ்க் நிரம்பியதையும் பாஸ்வேர்ட் மாறியதையும் விடியுமுன் சொல்லிவிடும். எந்தப் படியில் நின்றது என்பதும் சேர்ந்தே வரும். வெற்றிக்கும் மெயில் போடலாமே என்றால், தினமும் ‘முடிந்தது’ என்று வரும் மெயிலை யார் திறக்கிறார்கள்?

ஆனால் தோற்பதற்கு முதலில் ஓட வேண்டுமே! 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். அணைந்து கிடக்கும் கணினியில் இரவு வேலை தோற்காது, தொடங்கவே தொடங்காது. இப்படிப்பட்ட வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் எஸ்கியூஎல் சர்வர் ஏஜென்ட், தவறிய முறையைப் பிறகு ஓட்டுவதில்லை. லினக்ஸின் கிரானும் அப்படியே. காலையில் இன்பாக்ஸ் சுத்தமாக இருக்கும்.

மெயிலே வழியில் தொலைவதும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்ட பிறகே, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வி மெயில்கள் அனுப்புநர் சரிபார்ப்பில் தடைபட்டு யாரையும் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத் தரவு போயிற்று.

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை, வராதவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பதில்லை. பட்டியலை வைத்துக் கூப்பிடுகிறார். பதில் இல்லாத பேர் அங்கேயே தெரிந்துவிடும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் வரவுதான். நம் சர்வரிலோ, வெறும் அட்டவணையைக் கூட்டிவிட்டு ‘வெற்றி’ என்று பதியும் வேலைக்கும் முழுப்பேர்தான். (மனிதருக்கு அரைப்பேர் போட்டதில் எத்தனையோ அநியாயம் நடந்திருக்கிறது, இயந்திரத்துக்குத் தாராளமாகப் போடலாம்.)

ஆக, ஒவ்வொரு வேலையும் கடைசியாக எப்போது ஒழுங்காக முடிந்தது, எத்தனை வரி எழுதியது என்று வேறொரு கணினியிலிருந்து கேட்க வேண்டும். இதிலும் ஓட்டை இருக்கிறது. தீபாவளி லீவில் வரி குறைந்தால் வீண் எச்சரிக்கை வரும். பட்டியலில் சேர்க்க மறந்த வேலையை இந்த முறையும் காணாது. பழைய பதிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. மாற்றாமல் விட்டால் ஏஜென்ட் மொத்தம் 1000 வரி, ஒரு வேலைக்கு 100 வரி மட்டுமே வைத்திருக்கும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஓடும் வேலைகள் பல இருக்கும் சர்வரில், மாதக் கடைசியில் ஓடியதன் தடயம் சம்பள நாளுக்கு முன்பே அழிந்துபோகும்.