கல்வெட்டு... கல்வெர்ட்டு!

உத்திரமேரூருக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டாலும் பெயர் தெரிந்திருக்கும். குடவோலை முறை என்று ஸ்கூலில் ரெண்டு மார்க் கேள்விக்குப் படித்திருப்பீர்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியே இந்த ஊர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய எழுத்துகள். ஆயிரத்து நூறு வருஷம் ஆகிறது, இன்னும் படிக்க முடிகிறது.

அந்தக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுக் கிராமத்துப் பக்கம் ஒரு நடை போனேன். ஓடை மேல் சின்னதாக ஒரு பாலம். கிராமத்தில் 'கல்வெர்ட்டு' என்பார்கள். அதன் கைப்பிடிச் சுவரிலும் ஒரு கல்வெட்டு இருந்தது. கறுப்பு கிரானைட், தங்க எழுத்து. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள் என்று வரிசையாகப் பெயர்கள். கல்லுக்கு ஒரு கீறல் கிடையாது. அதைத் தாங்கிக்கொண்டிருக்கிற சுவர்தான் இடுப்பில் வெடித்திருந்தது. வெடிப்பில் ஓர் அரசங்கன்று, முழங்கால் உயரம். கீழே எட்டிப் பார்த்தால் மூன்று கண்ணில் ஒன்றரைக் கண் மண்ணாலும் கருவேல முள்ளாலும் அடைத்துக் கிடக்கிறது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "எவ்ளோ நாளா ஐயா இப்படி இருக்கு?"

"செடி வந்து மூணு மழை ஆச்சு தம்பி. நாமளே புடுங்கலாம். கவர்மென்ட்டு பாலத்துல கைய வெச்சா யாரு என்ன சொல்வாங்களோன்னு உட்டுட்டோம்."

இந்தப் பதிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் பராமரிப்புக் கொள்கை மொத்தமும் இதில் இருக்கிறது.

இந்தப் பாலம் யாருடையது? 1994-ம் வருஷத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பிரிவு 110-ஐப் புரட்டுங்கள். நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, ஒன்றியச் சாலை போக மிச்சமிருக்கும் கிராமச் சாலைகளும், அவற்றின் மேல் உள்ள பாலம், சிறுபாலம், தரைப்பாலம் எல்லாமும் கிராம ஊராட்சியின் கடமை. கட்டுவது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் பராமரிப்பதும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோடு ஊராட்சிக்கு, அடுத்த ரோடு ஒன்றியத்துக்கு, அதற்கடுத்தது நெடுஞ்சாலைத் துறைக்கு, கீழே ஓடுகிற தண்ணீர் நீர்வளத் துறைக்கு. முள்ளை வெட்டச் சொல்லி நீங்கள் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்?

அதுவும் இந்த மாவட்டத்தில் ஒரு வேடிக்கை. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தபோதும் காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. இங்கே ஓட்டுப் போட்டது 2021 அக்டோபரில். ஆக, குடவோலை பிறந்த மண்ணில் ஐந்து வருஷம் பஞ்சாயத்துத் தலைவர் கிடையாது, வார்டு மெம்பர் கிடையாது, தனி அலுவலர்தான். பாலத்தில் விரிசல் என்று சொல்வதற்கு உள்ளூரில் ஆளே இல்லை. கல்வெட்டைப் பாராட்டிப் பேசியவர்கள் யாருக்கும் இது உறுத்தியதாகத் தெரியவில்லை.

அடுத்த மாதமே, 2021 நவம்பரில், வெள்ளம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வரும் வழியில் செய்யாற்றின் மேலிருந்த வெங்கச்சேரி தரைப்பாலம் சேதமாகிப் போக்குவரத்து துண்டித்துப் போனது. அந்தப் பக்கம் பாலாற்றில் வாலாஜாபாத் - அவளூர் தரைப்பாலத்துக்கும் அதே கதி. பால் கேன், காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணி எல்லாரும் ஊரைச் சுற்றினார்கள்.

வெள்ளம் வந்தால் பாலம் போகத்தானே செய்யும் என்கிறீர்களா? பாதி சரி. தண்ணீர் மட்டுமே பாலத்தைத் தள்ளுவதில்லை. கண் அடைத்துக்கொண்டால் பாலம் அணைக்கட்டாக மாறிவிடும். தண்ணீர் மேலே ஏறி, பக்கத்துக் கரையை அறுத்துக்கொண்டு போகும். இல்லாவிட்டால் அடியில் குடைந்து அஸ்திவாரத்தைத் தோண்டும். மணல் எடுத்து எடுத்து ஆற்றுப் படுகை இறங்கிவிட்ட இடத்தில் இந்த வேலை இன்னும் சுலபம். மழைக்கு முன்னால் முள்ளையும் மண்ணையும் வாரி, அரித்த இடத்தில் கல்லை அடுக்கினால் பல சிறுபாலங்கள் பிழைக்கும். அதற்கு எஞ்சினீயர் கூட வேண்டாம், நாலு ஆள் கூலி போதும்.

அந்தக் கூலிக்குத்தான் பணம் இல்லை!

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷத்திலேயே தேய்மானம் என்று ஒரு பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். பத்தாயிரம் ரூபாய்க்குத் தையல் மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டே வரவேண்டும். அப்போதுதான் மெஷின் ஒருநாள் சாகும் என்பது கணக்குப் புத்தகத்தில் தெரியும். நம் அரசாங்கக் கணக்கு ரொக்கக் கணக்கு. பணம் வந்தது, பணம் போனது, அவ்வளவுதான். பாலம் கட்டிய வருஷத்தோடு அது கணக்கிலிருந்து மறைந்துவிடும். விரிசலுக்கென்று ஒரு தலைப்பு கிடையாது. இடிந்த பிறகு 'புதிய உயர்மட்டப் பாலம்' என்று மறுபடி கணக்கில் பிறக்கும். நபார்டு கடன் கிடைக்கும், டெண்டர் வரும், விழா வரும், கறுப்பு கிரானைட் வரும். அரசங்கன்றைப் பிடுங்கினால் யாராவது ரிப்பன் வெட்டுவார்களா?

'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1997-ல் வந்தது, பிறகு 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். நல்ல எண்ணம்தான். ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட முடிகிற ஊர், ஏற்கெனவே கொஞ்சம் வசதியான ஊர். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கூலிக்காரர்களின் தெருவுக்கு யார் போடுவது? அதோடு, ஜனங்கள் கையைவிட்டுப் பணம் போடுவதும் கட்டடம் எழும்பத்தான். எழும்பியதைக் காப்பாற்ற உண்டியல் வைத்த ஊரை நான் பார்த்ததில்லை.

பழைய உத்திரமேரூரில் வைத்திருந்தார்கள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் மாதிரியே ஏரி வாரியம் என்று தனிக் குழு. ஆறு பேர். வைரமேக தடாகம் என்கிற அந்த ஊர்ப் பெரிய ஏரியைக் கவனிப்பதுதான் வேலை. பதவி 360 நாள். ஏரி தூர் வாருவதற்கென்று பொன் கொடுத்து, அதை முதலாக வைத்து, வட்டியில் செலவு செய்தார்கள். முதலில் கை வைக்காமல் வட்டியில் பராமரிப்பு! என் அக்கவுன்டன்ஸி வாத்தியார் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

உடனே 'அந்தக் காலம் பொற்காலம்' என்று புறப்பட்டுவிடாதீர்கள். அந்தச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் இடம். தூர் வாரிச் சுமந்தவனின் பெயர் எந்த ஓலையிலும் கிடையாது. அந்த விஷயத்தில் இன்றைய கிராம சபை ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஒரு விதியை மட்டும் அங்கிருந்து கடன் வாங்கலாம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய சொந்தக்காரர்களும் குடவோலைக்குத் தகுதி இழந்தார்கள். இன்றைக்கு அமல்படுத்தினால் சில ஊர்களில் வேட்புமனு வாங்க ஆளே வராது என்பது வேறு விஷயம்.

பணம் கொட்டினால் மட்டும் போதாது என்பதற்கு திருவண்ணாமலை மாவட்டத்து உதாரணம் இருக்கிறது. தென்பெண்ணை மேல் சுமார் 16 கோடியில் கட்டிய உயர்மட்டப் பாலம். 2024 செப்டம்பரில் திறந்தார்கள், டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. குஜராத்தில் வேறு மாதிரி. 1985-ல் கட்டிய கம்பீரா பாலம் ஆபத்தாக இருக்கிறது என்று உள்ளூர் மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர் 2022-லேயே எழுதிக் கொடுத்தார். 2025 ஜூலையில் பாலம் உடைந்து, லாரியும் வேனும் ஆற்றில் விழுந்து சுமார் 20 பேர் செத்தார்கள். தினமும் அந்தப் பாலத்தில் நடக்கிறவனுக்குத் தெரிகிற ஆட்டம் ஃபைலுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் அசைவதில்லை.

என் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ரோடு போட்டவரே ஐந்து வருஷம் பராமரிக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகிறார்கள். அதைச் சின்னப் பாலத்துக்கும் எழுதுங்கள். கிராம சபையில் ஐப்பசிக்கு முன்னால் ஊரிலுள்ள பாலங்களின் பட்டியலைப் படித்து, எதில் எந்தக் கண் அடைத்திருக்கிறது என்று ஜனங்களையே சொல்லச் சொல்லுங்கள். கிரானைட் கல்லில் கடைசி ரெண்டு பெயர்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பழுது பார்க்கவேண்டிய அலுவலகத்தின் பெயரையும் போன் நம்பரையும் வெட்டுங்கள்.

கிளம்பும்போது பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன். "கிராம சபையில எழுந்து கேளுங்க ஐயா."

"கேட்டேனே தம்பி, போன காந்தி ஜெயந்திக்கு. நோட்ல எழுதிக்கினாங்க. ஒரு மாசத்துல ஆளுங்களும் வந்தாங்க."

"அப்புறம்?"

"அந்தக் கல்லு எழுத்து மங்கிப் போயிருந்துதில்ல... அதுக்குப் பெயின்ட் அடிச்சிட்டுப் போனாங்க."