ஆண்டுக்கொரு தடை

தமிழ்நாட்டில் குட்காவையும் வாயில் அடக்கும் புகையிலையையும் விற்பதற்கு 2013 மே மாதம் முதல் தடை இருக்கிறது. ஆனால் அது சட்டமன்றம் கூடி இயற்றிய சட்டமல்ல. பொதுச் சுகாதாரம் கருதி ஓர் உணவுப்பொருளை ஓராண்டுக்கு மேற்படாமல் தடைசெய்யலாம் என்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 30ஆவது பிரிவில், உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. அந்த ஓராண்டு முடியும் தறுவாயில் இன்னோர் ஆணை வரும். அது முடியும்போது மற்றொன்று. இப்படியே பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. தடையின் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. அது நடத்தப்படும் விதத்தை எதிர்க்கிறேன்.

தடையால் வந்த நன்மையை மறுக்க முடியாது. ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் ஒரு காலத்தில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்திலேயே குட்கா பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்கும். பள்ளிக்கூடப் பையன் எக்கிப் பிடித்தால் கைக்கு எட்டும். அந்தச் சரம்தான் அந்தப் பொருளின் பெரிய விளம்பரம். அது கண்ணிலிருந்து போனதே ஒரு லாபம். வாய்ப்புற்றில் தாடை அறுத்த ஒருவரைப் பார்த்தவர்கள் இதைச் சின்ன லாபம் என்று சொல்லமாட்டார்கள்.

கண்ணிலிருந்து போனது கடையிலிருந்து போகவில்லை. தெரிந்த முகமாக இருந்தால், வெற்றிலைக் கூடையின் ஈரத்துணிக்கு அடியிலிருந்து பாக்கெட் வருகிறது. அச்சிட்ட விலை வேறு, வாங்கும் விலை வேறு. மாட்டிக்கொண்டால் சீல் விழுவது அந்தப் பெட்டிக்கடைக்கு. சரக்கை ஆக்கி அனுப்புகிறவன் பெரும்பாலும் மாநில எல்லைக்கு வெளியே இருக்கிறான். நடுவில் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு: 2016இல் சென்னை மாதவரம் பக்கம் ஒரு குட்கா கிடங்கில் வருமானவரித் துறை சோதனை போட்டது, யார் யாருக்குப் பணம் போனது என்று எழுதியதாகச் சொல்லப்பட்ட குறிப்புகள் சிக்கின. 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது.

தடைக்குத் தப்பும் வழியைச் சந்தை உடனே கண்டுபிடித்துவிடும். குட்காவில் பாக்கும் புகையிலையும் கலந்திருப்பதுதானே குற்றம் என்று, பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என இரண்டாகப் பிரித்து விற்றார்கள். வாங்குகிறவர் வாயில்தான் கலவை நடந்தது. கோவில்பட்டிக்காரர்களுக்கு இது புதுக் கதையல்ல. தீப்பெட்டித் தொழிலைக் காப்பாற்ற, மலிவான லைட்டரைத் தடுக்கச் சொல்லி இந்த ஊர் போராடியது. 2023 ஜூனில், 20 ரூபாய்க்கும் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு தடை போட்டது. உடனே உதிரிபாகங்களாக வரத் தொடங்கின. 2024 அக்டோபரில் அவற்றுக்கும் தனித்தடை போட வேண்டியதாயிற்று.

புள்ளிவிவரமும் தடைக்குத் துணை நிற்கவில்லை. உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி 2009–10இல் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்தியவர்கள் 16.2 விழுக்காடு. 2016–17இல் 20. தடை வந்து மூன்று ஆண்டுக்குப் பிறகு எடுத்த கணக்கு இது. தடையால்தான் கூடியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. குறைந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. 2024இல் பள்ளி மாணவர்களிடம் ‘கூல் லிப்’ என்ற அடக்கும் புகையிலை புழங்குவதைப் பார்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட்டது.

யார் மெல்லுகிறார்கள் என்ற கேள்வியை ஆணை கேட்பதே இல்லை. தீப்பெட்டி ஆபீசில் மருந்துக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்க முடியாது, அடக்கிக்கொள்ளத்தான் முடியும். கரிசல் காட்டில் பருத்தி எடுக்கவும் மிளகாய் பறிக்கவும் குனிந்தே நிற்கும் பெண்ணுக்குப் பசியையும் இடுப்பு வலியையும் மந்தமாக்குவது அந்த ஒரு துண்டுப் போயிலை. அவளுக்கு அது தீங்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அரசுகள் பக்கத்துத் திருநெல்வேலிச் சீமையில் பெண்கள் சுற்றும் பீடியைத் தொடுவதில்லை. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடியின் வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கவே முடிவெடுத்தது. புகைத்தால் வரிச்சலுகை, மென்றால் தடை என்பதற்கு மருத்துவக் காரணம் ஏதும் கிடையாது.

2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் தடை ஆணைகளை ரத்து செய்தது. அவசரத்துக்குக் கொடுத்த ஓராண்டு அதிகாரத்தை வருடாவருடம் நீட்டி நிரந்தரத் தடையாக்க ஓர் அதிகாரிக்கு உரிமையில்லை என்பது அதன் சாரம். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வழக்குப் போட்டவர்கள் புகையிலை வியாபாரிகள். அவர்கள் கவலை லாபம். அதற்காக அவர்கள் எடுத்துவைத்த வாதம் பொய்யாகிவிடாது. உயர் நீதிமன்றம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். இன்று போயிலைக்குச் செய்வதை நாளை வேறொன்றுக்கும் செய்யலாம், யாரிடமும் விவாதிக்காமலே.

சட்டம் இயற்றுவது லேசல்ல என்பார்கள். 2003ஆம் ஆண்டின் மத்தியப் புகையிலைச் சட்டம் விற்பனையை முறைப்படுத்துகிறதே தவிர முழுக்கத் தடுக்கவில்லை. அதோடு மோதும் மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தேவைப்படலாம். ஆனாலும் கடினமான பாதையில் தமிழ்நாடு போயே இருக்கிறது. இணையவழிச் சூதாட்டத் தடையை 2021இல் நீதிமன்றம் தள்ளியபோது, நீதிபதி சந்துரு குழுவை அமைத்து, அறிக்கை வாங்கி, புதுச் சட்டம் எழுதினார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பியும் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றார்கள்.

புகையிலைக்கும் அப்படியொரு சட்டமுன்வடிவு வரட்டும். வந்தால் கரிசல் சீமை எம்எல்ஏக்கள் எழுந்து சில கேள்விகள் கேட்டாக வேண்டும். பெட்டிக்கடைக்குப் போடும் அபராதம் கிடங்குக்காரனுக்கு எத்தனை மடங்கு? பீடிக்கு ஏன் விலக்கு? பாக்கெட்டின்மேல் 1800-11-2356 என்று ஓர் உதவி எண் அச்சடித்தால் போதுமா, ஓட்டப்பிடாரம் ஆஸ்பத்திரியில் போயிலையை விடவைக்க ஓர் ஆள் உட்காருவாரா? நாற்பது வருஷமாக மெல்லுகிற கிழவிக்கு, தடை வந்த மறுவாரம் கை நடுங்கினால் அவள் யாரிடம் போவாள்?