பட்டியல் போதாது: விடுமுறை இடுபணியும் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பும்



விடுமுறைக்கு நாம் கொடுக்கும் இடுபணிகளில் ஒன்று, கடந்துபோன ஒரு பத்தாண்டின் வெகுசனப் பண்பாட்டை அறிந்து எழுதுவது. நல்ல தலைப்புதான். ஆனால் பள்ளி திறந்ததும் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பட்டியல். கேசட்டு, சிடி, பொத்தான் கைப்பேசி, அந்தக் கால நடிகர்கள் நாலு பேர், கடைசியில் ‘அது ஒரு பொற்காலம்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். பத்தாண்டை மாற்றினால் பொருள்களின் பெயர் மாறும். கட்டுரை அப்படியே இருக்கும்.

நான் சொல்லும் வழி இது: பத்தாண்டு முழுவதையும் சுமக்காதீர்கள். ஒரே ஒரு படைப்பை எடுங்கள். அது எதை வாங்கிக்கொண்டது, வாங்கியதை வைத்து என்ன செய்தது என்று கேளுங்கள்.

இந்த முறை என் படிவம் 4 மாணவி ஒருவர் 2000-ஆம் ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, மாமாவின் பழைய சிடிகளில் ‘வல்லவன்’ தொகுப்பைக் கேட்டு எழுதினார். உழைப்பு தெரிந்தது. ஆனால் முடிவில், ‘மடை திறந்து’ பாட்டின் மெட்டு தமிழ்நாட்டுச் சினிமாவிலிருந்து எடுத்தது, ஆகவே மலேசியத் தமிழருக்கென்று சொந்தப் பாட்டு இல்லை என்று எழுதிவிட்டார். இந்த முடிவு சரிதானா? நம் மாணவர்கள் பலர் மனத்தில் இருக்கும் எண்ணம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் தகவல். ‘வல்லவன்’ 2006-இல் வெளிவந்தது. யோகி பி-யுடன், ‘நட்சத்திரா’ என்ற பெயரில் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரும் சேர்ந்து செய்த ராப் தொகுப்பு. யோகி பி அதற்கு முன்பே, 1990-களில், ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் பாடி அறியப்பட்டவர். தொகுப்பில் அதிகம் பேசப்பட்டது ‘மடை திறந்து’. அதன் மூலப்பாடல் 1980-இல் பாரதிராஜா இயக்கிய ‘நிழல்கள்’ படத்தில் வருகிறது. இசை இளையராஜா, வரிகள் வாலி, குரல் எஸ்.பி. பாலசுப்ரமணியம்.

ஆக, மெட்டு கடன்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் விமர்சனம் அங்கேதான் தொடங்க வேண்டும். மாணவி அங்கே முடித்துவிட்டார்.

மூலப்பாடலில் பேசுவது யார்? இசையமைப்பாளராக வர ஆசைப்படும் ஓர் இளைஞன். வாய்ப்புக்காக அலைகிற அவன், தான் பெரிய ஆளாகிவிட்டதுபோல் கனவு காண்கிறான். அந்தக் கனவுக்கு ஒருவர் மெட்டுப் போட்டார், ஒருவர் எழுதினார், ஒருவர் பாடினார், இன்னொருவர் நடித்தார். பெருமை பேசும் அந்த ‘நான்’ ஒரு கதாபாத்திரம். 2006-இல் அந்த ‘நான்’ மாறிவிடுகிறது. ராப் பாடகர்கள் பாட்டுக்குள்ளேயே தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்கிறார்கள். இடையில் கதாபாத்திரம் கிடையாது. சினிமாவுக்கு வெளியே நிற்கும் மலேசிய இளைஞர்கள், சினிமாக் கதாநாயகனின் கனவை எடுத்துத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள். எந்தப் பாட்டை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். வாய்ப்புத் தேடும் கலைஞனின் பாட்டை எடுத்ததுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

பாட்டுக்குள் பெயர் சொல்வது தமிழுக்குப் புதிதா என்றால், இல்லை. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் கடைசிப் பாட்டில் தம் பெயரை வைக்கிறார். அதைத் திருக்கடைக்காப்பு என்கிறோம். நோக்கம் முற்றிலும் வேறு, பழக்கம் ஒன்று. இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் இந்த ஒப்பீட்டைத் தயங்காமல் எழுதலாம்.

அடுத்து ஓசை. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வரும். அதனால் வருவேன், பாடுவேன், நிற்பேன் என்று அடி இறுதியில் இயைபு தானாகவே விழுந்துவிடும். உழைப்பே தேவையில்லை. வெற்றி, சுற்றி என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகைக்குத்தான் உழைப்பு வேண்டும். பாட்டைக் கேட்கும்போது பென்சிலால் குறித்துப் பாருங்கள்: எங்கே எதுகை, எங்கே மோனை, எங்கே வெறும் இயைபு? ‘பாடல் அருமையாக உள்ளது’ என்று எழுதுவதைவிட இந்தக் குறிப்பு பத்து மடங்கு மேல்.

குறையும் சொல்ல வேண்டும். பாட்டைக் கேட்டு முடித்ததும் வாய் எதை முணுமுணுக்கிறது? பல்லவியை. அது 1980-இன் சொத்து. ராப் அடிகளின் தற்பெருமை வேகத்தில் கவர்கிறது. ஆனால் பாடுபவரின் ஊர், தெரு, வீடு பற்றி நமக்கு அதிகம் கிடைப்பதில்லை. 1994-இல் ‘காதலன்’ படத்தில் வந்த ‘பேட்டை ராப்’ சென்னைப் பேச்சுவழக்கை அப்படியே காதில் போட்டது. அந்த அளவுக்கு நம் ஊர் மண்வாசனை இதில் இல்லை என்பது என் கருத்து. நீங்கள் மறுக்கலாம், சான்றோடு மறுங்கள். இன்னொன்று, ‘பேட்டை ராப்’ முன்பே இருந்ததால், தமிழில் ராப் 2006-இல்தான் பிறந்தது என்றும் எழுதிவிடாதீர்கள்.

இனி மாணவியின் முடிவுக்கு வருவோம். 2007-இல் ‘பொல்லாதவன்’ படத்தின் ‘எங்கேயும் எப்போதும்’ மறுஆக்கத்தில் யோகி பி-யின் குரல் இருக்கிறது. 2011-இல் ‘ஆடுகள’த்தின் ‘போர்க்களம்’ பாட்டிலும் இருக்கிறது. சென்னையிலிருந்து பாட்டு இங்கே வந்தது. இங்கிருந்து குரல் அங்கே போனது. கடன் வாங்கியவர்கள் திருப்பியும் கொடுத்திருக்கிறார்கள். சொந்தப் பாட்டு இல்லை என்ற முடிவு இதற்குமேல் நிற்குமா? மாணவியிடம் இதைத்தான் கேட்டேன். கட்டுரையின் கடைசிப் பத்தியை அவரே மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்.

தேர்வுக்கு மூன்று குறிப்புகள். ஒன்று, வீட்டில் மாமா, அத்தையிடம் கேட்டு எழுதுங்கள். ஆனால் ‘அப்போ எல்லாரும் இதைத்தான் கேட்டாங்க’ என்று அவர்கள் சொன்னால், அதை அவர்கள் நினைவு என்றே எழுதுங்கள். இரண்டு, பாட்டில் ஆங்கிலம் கலந்திருக்கலாம். உங்கள் கட்டுரை நல்ல தமிழில் இருக்கட்டும். கலப்பு கூடாது என்று ஒரே வரியில் தள்ளாமல், அந்த இடத்தில் தமிழ்ச்சொல் போட்டால் ஓசை என்னாகும் என்று சோதித்து எழுதுங்கள். மூன்று, ஆண்டையும் பெயரையும் சரிபாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்குத் தலைப்புக் கொடுக்கும்போது ‘பத்தாண்டு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘ஒரு பாட்டு’ அல்லது ‘ஒரு படம்’ என்று போட்டுப் பாருங்கள். பட்டியல் குறையும், கேள்விகள் கூடும்.