மன்னிப்பும் ஈடும்: கிறித்தவ மரபில் மனமாற்றத்தின் அளவுகோல்கள்

திருமுழுக்குப் பெற்ற ஒருவர் பின்னர் பெரும் பாவத்தில் விழுந்தால் அவரைச் சபை எவ்வாறு நடத்த வேண்டும் என்ற கேள்வியிலிருந்தே பாவத்தையும் மனமாற்றத்தையும் பற்றிய கிறித்தவ நெறிகள் பெரும்பாலும் கிளைத்தன. திருமுழுக்கு அதற்கு முந்தைய பாவங்கள் அனைத்தையும் போக்கிவிடுகிறது என்பதில் தொடக்கக் கால ஆசிரியர்கள் உறுதியாக நின்றனர்; அதற்குப் பின் செய்யப்படும் பாவத்தைப் பற்றியே அவர்கள் கலங்கினர். 2ஆம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட ‘எர்மாவின் மேய்ப்பர்’ என்னும் நூல், வீழ்ந்தவர் எழுவதற்கு வழி உண்டு, ஆனால் அது ஒரே முறைதான் என்று வரையறுத்தது. வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் தம் முந்தைய நூலில் இதை ஏற்றுக்கொண்டு, பின்னர் கடுநெறியாளரான மொந்தானியருடன் சேர்ந்தபின், சிலைவழிபாடு, விபசாரம், கொலை ஆகிய மூன்றையும் மன்னிக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை என்று வாதாடினார்.

இந்த வாதம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 250இல் பேரரசர் தெசியுஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, உயிருக்கு அஞ்சிப் பலியிட்டவர்களும், பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். கொடுமை ஓய்ந்ததும் இவர்கள் சபைக்குத் திரும்ப விரும்பினர்; சிறையில் உறுதியாக நின்றவர்களிடம் பரிந்துரைக் கடிதம் பெற்றுக்கொண்டு உடனே நற்கருணையில் பங்கேற்க முயன்றவர்களும் உண்டு. கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் இரு முனைகளிலும் போராட வேண்டியிருந்தது. கடிதம் ஒன்றைக் காட்டினால் போதும் என்ற எளிமையை அவர் ஏற்கவில்லை. வீழ்ந்தவருக்கு ஒருபோதும் கதவு திறக்காது என்று உரோமையில் தனிச் சபை கண்ட நொவாசியனின் கடுமையையும் அவர் ஏற்கவில்லை. 251இல் கூடிய கார்த்தேஜ் சங்கம், சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளவும், பலியிட்டவர்களை நெடுநாள் தவத்தில் வைத்திருந்து மரணப் படுக்கையிலாவது ஏற்கவும் முடிவு செய்தது. ஒரே பாவத்திலும் அளவு வேறுபாடு உண்டு, அதை விசாரித்தறிவது சபையின் கடமை என்ற கருத்து இங்கே வேரூன்றியது.

அடுத்த நூற்றாண்டில் இத்தவமுறை படிநிலைகளாக வகுக்கப்பட்டது. கோயிலுக்கு வெளியே நின்று உள்ளே போவோரிடம் தமக்காக மன்றாடக் கேட்போர், இறைவார்த்தையை மட்டும் கேட்டுவிட்டு வெளியேறுவோர், முழந்தாளிட்டுச் செபிப்போர், சபையோடு நின்றும் நற்கருணை பெறாதோர் என நான்கு படிகள் இருந்தன. வற்புறுத்தலின்றியே விசுவாசத்தை மறுத்தவர்களுக்கு 325ஆம் ஆண்டின் நிசேயா சங்கம் மொத்தம் 12 ஆண்டுகளை விதித்தது. வேண்டுமென்றே கொலை செய்தவருக்குச் செசரேயாவின் பேசில் 20 ஆண்டுகளை நான்கு படிகளுக்கும் பகிர்ந்தளித்தார். இன்றைய வாசகருக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆயினும் இம்முறையில் இருந்த ஒரு மேன்மையை மறக்கலாகாது: பாவம் சபையின் உடலில் பட்ட காயம் என்று கருதப்பட்டதால், தவம் செய்பவருக்காக முழுச் சபையும் செபித்தது, அவருடைய தகுதியோ செல்வமோ அவரை அதிலிருந்து விலக்கவில்லை. 390இல் தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவிக்க ஆணையிட்ட பேரரசர் தெயோதோசியுசுக்கு மிலானின் ஆயர் அம்புரோசு நற்கருணை மறுத்து, எல்லார் முன்னிலையிலும் தவம் செய்த பிறகே சேர்த்துக்கொண்டார். அரச அதிகாரம் செய்த படுகொலையைப் பாவம் என்று அரசரின் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு முறைமை இருந்தது என்பதே இந்நிகழ்ச்சியின் சிறப்பு.

ஆனால் வாழ்வில் ஒரே முறை மட்டும் கிடைக்கும் தவத்தை மக்கள் சாகும் வேளைக்கு ஒத்திவைத்தனர். இதனால் உயிரோடிருப்பவரைத் திருத்த வேண்டிய நெறி இறப்போருக்கான சடங்காகச் சுருங்கியது. பாவங்களை எழுதிச் சபையில் வாசிக்கும் வழக்கத்தையும் திருத்தந்தை முதலாம் லியோ 459இல் கண்டித்து, குருவிடம் மறைவாகச் சொன்னால் போதும் என்றார்.

மாற்றம் வந்த திசை ஐரோப்பாவின் மேற்கு ஓரம். அயர்லாந்தின் துறவிகள் 6ஆம் நூற்றாண்டு முதல் தவக் கையேடுகளை எழுதினர். எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் நோன்பு, எத்தனை செபம் என்று அவை பட்டியலிட்டன. ஆன்ம நண்பர் ஒருவரிடம் தனியே சொல்லி, தவம் பெற்று, தேவையானால் மறுபடியும் வரலாம் என்ற வழக்கம் இவற்றால் பரவியது. நோயை அதற்கு எதிரான மருந்தால் தீர்ப்பதுபோலப் பேராசையைத் தருமத்தாலும் சினத்தைப் பொறுமையாலும் குணப்படுத்த வேண்டும் என்பது ஃபின்னியன் முதலிய ஆசிரியர்களின் கொள்கை. ஒரே குற்றத்துக்குப் பொதுநிலையினரைவிடக் குருவுக்குக் கூடுதல் தண்டனை விதித்ததும் கவனிக்கத்தக்கது. பதவி உயர உயரப் பொறுப்பும் கூடும் என்ற நெறி அதில் உண்டு.

இக்கையேடுகளை வெறும் விலைப்பட்டியல்கள் என்று இகழ்ந்த அறிஞர்கள், 615இல் இறந்த அயர்லாந்துத் துறவி கொலும்பானுசின் நூலில் ஒரு பகுதியை ஊன்றிப் பார்த்திருக்கலாம். அயலாரைக் கொன்ற பொதுநிலையினர் 3 ஆண்டுகள் ஆயுதமின்றி அப்பமும் தண்ணீரும் உண்டு நாட்டைவிட்டு அகன்றிருக்க வேண்டும். அதன்பின் ஊர் திரும்பி, கொல்லப்பட்டவரின் பெற்றோருக்கும் உறவினருக்கும் மகன் செய்யும் பணிவிடைகளைச் செய்ய வேண்டும் என்கிறது அது. நோன்பும் நாடுகடத்தலும் கடவுள் முன்னிலையில் செய்யும் தவம். பணிவிடையோ மகனை இழந்த வீட்டுக்குச் செலுத்தும் கடன். இரண்டும் முடிந்த பிறகே தவம் நிறைவு பெறுகிறது. செல்வர்கள் தமக்குப் பதிலாகப் பிறரை நோன்பிருக்கச் செய்யும் கேடு பின்னர் புகுந்ததும், 829ஆம் ஆண்டின் பாரிசு சங்கம் இக்கையேடுகளை எரிக்கச் சொன்னதும் உண்மையே. அதற்காகக் கொலும்பானுசின் இவ்விதியை மறந்துவிட்டது மேற்குச் சபைக்கு நேர்ந்த இழப்பு.

கிழக்குத் திருச்சபைகளில் மருத்துவப் பார்வையே நிலைத்தது. அங்கே பாவத்தை அறிக்கையிடுபவர் இயேசுவின் திருவோவியத்தின் முன் நிற்கிறார், குரு சாட்சியாக அருகில் நிற்கிறார். விதிக்கப்படும் தவம் தண்டனையாகக் கருதப்படாமல் ஆன்ம மருந்தாகவே கருதப்படுகிறது.

மேற்கில் 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம், அறிவு முதிர்ந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தம் குருவிடம் பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்றும், கேட்டதை வெளியிடும் குரு பதவி நீக்கப்பட்டு வாழ்நாள் முழுவதும் துறவுமடத்தில் தவம் செய்ய வேண்டும் என்றும் விதித்தது. மனமாற்றத்தின் பகுதிகளை உள்ளத்தின் மனத்துயர், வாயின் அறிக்கை, செயலின் பரிகாரம் என மூன்றாக இறையியலார் வகுத்தனர். கடவுள்மேல் கொண்ட அன்பால் வருந்துவது முழு மனத்துயர் என்றும், நரகத்துக்கு அஞ்சி வருந்துவது குறை மனத்துயர் என்றும் பிரித்து, பின்னது போதுமா என்று நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்தனர். உள்நோக்கத்தை இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தது பெரும் சாதனைதான். ஆனால் ஆய்வு முழுவதும் பாவியின் உள்ளத்தைச் சுற்றியே நடந்தபோது, பாவத்தால் இழந்தவர் மெல்ல மெல்லப் பார்வையிலிருந்து விலகினார்.

1517இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கூற்றுகளின் முதலாவது, விசுவாசியின் வாழ்வு முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. பணம் கொடுத்துப் பெறும் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளை அவர் எதிர்த்தது இந்த அடிப்படையில்தான். தனிப் பாவ அறிக்கையை அவர் ஒழித்துவிட்டார் என்று பலர் நினைப்பது தவறு. லூத்தரன் சபையினரின் விசுவாச ஆவணமான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை அதை நீடிக்கச் சொல்கிறது; எல்லாப் பாவங்களையும் எண்ணிச் சொல்லும் கட்டாயத்தை மட்டுமே நீக்குகிறது. அவ்வறிக்கையின்படி மனந்திரும்புதல் இரு பகுதிகளைக் கொண்டது: பாவ உணர்வால் வரும் நடுக்கம், மன்னிப்பு உண்டு என்னும் விசுவாசம். நற்செயல்கள் இவற்றின் கனிகள். ஜெனீவாவில் கால்வின் 1541இல் ஏற்படுத்திய மூப்பர் மன்றம் வியாழக்கிழமைதோறும் கூடி, குடும்பச் சண்டை முதல் வட்டிக் கொடுமை வரை விசாரித்தது. சமரசத்துக்கு உழைத்த அந்த மன்றமே ஒற்றாடலுக்கும் இடம் கொடுத்தது என்பதை அதன் ஆதரவாளர்களும் ஒப்புக்கொள்வர்.

18ஆம் நூற்றாண்டில் மெதடிச இயக்கத்தின் ஜான் வெஸ்லி கண்ட முறை இவற்றினும் எளியது. பிரிஸ்டல் நகரில் கட்டடக் கடனைத் தீர்க்க வாரம் ஒரு பென்னி வசூலிப்பதற்காக 1742இல் பன்னிருவருக்கு ஒருவர் வீதம் தலைவர்கள் நியமிக்கப்பட்டனர். வீடு வீடாகச் சென்ற அத்தலைவர்களுக்கு மக்களின் குடியும் சண்டையும் துயரமும் தெரியவந்தன, வகுப்புக் கூட்டம் என்னும் நிலையான அமைப்பு அப்படியே பிறந்தது. இதற்கு முன்பே, 1738இல், அவர் சிறு குழுக்களுக்கு வகுத்த விதிகளின்படி, சென்ற கூட்டத்துக்குப் பின் அறிந்து செய்த பாவம் என்ன என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாரமும் மற்றவர்க்குப் பதில் சொல்ல வேண்டும். குருவும் இல்லாத, மன்றமும் இல்லாத இவ்விடத்தில் சுரங்கத் தொழிலாளியும் கைவினைஞரும் ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுத்தனர். பொறுப்புக்கூறலை இத்தனை பேருக்கு எட்டச் செய்த வேறொரு புராட்டஸ்டாண்டு முறையைக் காண்பது அரிது.

இந்நெறிகள் அனைத்தும் ‘யாரிடம் பாவத்தைச் சொல்வது’ என்பதில் வேறுபடுகின்றன. அதனினும் கடினமான கேள்வி, சொன்னபின் இழந்தவருக்கு என்ன திரும்பக் கிடைக்கிறது என்பது. வரி வசூலித்த சகேயு நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்ததை லூக்கா நற்செய்தி பதிவு செய்கிறது. அபகரித்ததைத் திருப்பித் தர முடிந்தும் தராதவரின் பாவம் மன்னிக்கப்படாது என்று அகுஸ்தீன் அரச அதிகாரி மக்கெதோனியுசுக்கு எழுதிய மடலில் தெளிவாக உரைத்தார். இவ்விதியை அதன் முழு எடையோடு செயற்படுத்த முயன்றவர் எசுப்பானியக் குரு பர்த்தலோமே டே லாஸ் காசாஸ். கியூபாவில் பூர்வகுடி மக்களின் கட்டாய உழைப்பைப் பெறும் உரிமை அவருக்கே இருந்தது. 1514இல் அதைத் துறந்தார். பின்னர் மெக்சிகோவின் சியாப்பாஸ் பகுதிக்கு ஆயரானபோது, அடிமைகளை விடுவிக்காத எசுப்பானியருக்குப் பாவமன்னிப்பு வழங்கலாகாது என்றார். நகரமே அவருக்கு எதிராகக் கொந்தளித்தது. குருக்களுக்காக அவர் எழுதிய விதிகளின்படி, வெற்றிகொண்ட நாட்டில் செல்வம் சேர்த்தவர் பாவ அறிக்கைக்கு முன்பே எழுத்தரை அழைத்து, தம் சொத்து முழுவதையும் பூர்வகுடி மக்களுக்கு ஈடாக வழங்கக் குருவுக்கு அதிகாரம் தரும் ஆவணத்தில் கையொப்பமிட வேண்டும். மரணப் படுக்கையும் இதற்கு விலக்கு ஆகாது. அரசு 1548இல் இந்நூலின் படிகளைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது; 1552இல் லாஸ் காசாஸ் அதைச் செவில்லாவில் அச்சிட்டார். மனத்துயரின் தரம் பற்றி இறையியலார் செய்த விவாதங்கள் அனைத்தையும்விட இச்சிறு நூல் கிறித்தவ மனமாற்றத்தை ஆழமாகப் புரிந்துகொண்டது என்று சொல்வது மிகையாகாது.

தமிழுக்கும் பாவ அறிக்கை பற்றிய நூல் விரைவிலேயே வந்தது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அன்றீக் அன்றீக்கசு, தமிழ்க் கிறித்தவர்கள் முறையாகப் பாவ அறிக்கை செய்ய உதவும் கையேடு ஒன்றை 1580இல் கொச்சியில் அச்சிட்டார்; தமிழ் அச்சின் முதல் நூல்கள் சிலவற்றுள் அது ஒன்று என்பது இம்மரபு தமிழ் மண்ணில் எத்துணை முதன்மை பெற்றிருந்தது என்பதைக் காட்டும். ஆனால் தமிழ்ச் சபைகளை உண்மையில் சோதித்த பாவம் சாதி. தஞ்சை, வேப்பேரி முதலிய சபைகளில் திருவிருந்திலும் இருக்கைகளிலும் சாதிப் பிரிவு காக்கப்பட்டுவந்தது. வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே அதை உலகியல் வழக்கம் என்று கருதிக் காத்து நின்றார். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பியபோது பலர் சபையைவிட்டு விலகினர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, எச்சாதியார் சமைத்த உணவையும் உண்ண முன்வருவதே சாதியை விட்டதற்கு அடையாளம் என்றது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த லூத்தரன் மிஷனரிகள், மனச்சான்றைச் சட்டத்தால் மாற்ற முடியாது, போதனையால் படிப்படியாகவே மாற்ற வேண்டும் என்று கூறி அதில் சேரவில்லை.

இரு தரப்பினரின் வாதத்திலும் நியாயம் இருந்தது. உணவு உண்பது உள்ளத்தைக் காட்டும் சான்றாகப் போதாது; ஆனால் உள்ளம் கனியும்வரை காத்திருந்த காலம் முழுவதும் அவமதிப்பைச் சுமந்தவர்கள் தாழ்த்தப்பட்டோரே அன்றி, காத்திருக்கச் சொன்னவர்கள் அல்லர். இவ்விரு தரப்பும் சாதியைக் காத்தவரின் மனநிலையைப் பற்றியே பேசின. தாழ்த்தப்பட்ட விசுவாசிகளுக்குச் சேர வேண்டிய ஈட்டை இரண்டுமே கணக்கில் எடுக்கவில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாட்டைக் கடுமையான சமூகப் பாவம் என்று பெயரிட்டு அறிக்கையிட்டது. அறிக்கை முதற்படி. கொலும்பானுசும் லாஸ் காசாசும் வைத்த அளவுகோலின்படி அடுத்த படி ஈடு: கல்லறைத் தோட்டத்தில் சம இடம், தேர்ப்பவனி எல்லாத் தெருவுக்கும் செல்லுதல், குருமடத்திலும் பங்குப் பேரவையிலும் கல்வி நிறுவனங்களின் நிர்வாகத்திலும் மறுக்கப்பட்டுவந்த பங்கு. இவை பெயர் சொல்லி எண்ணக்கூடிய பொருள்கள் என்பதால், எவை தரப்பட்டன, எவை இன்னும் தரப்படவில்லை என்று ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒவ்வொரு திருமண்டலமும் ஆண்டுதோறும் தன் மக்கள் முன்னிலையில் கணக்குக் காட்ட இயலும்; அக்கணக்கைச் சரிபார்க்கும் உரிமை முதலில் இழந்தவர்களுக்கே உரியது.